ஆறுதல் சொல்ல மறுத்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மனநலக் கேள்வி பதில் பகுதியைத் தவறாமல் படிக்கிறவன் நான். அண்மையில் ஒரு வாசகர், "உளவியல் நிபுணரிடம் போனால் என்னதான் செய்வார்?" என்று கேட்டிருந்தார். மனம் விட்டுப் பேசலாம், ஆறுதலாக இருக்கும் என்பதே பதிலின் சாரம். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் என்னைப் போன்ற ஆளுக்கு ஆறுதல்தான் விஷம். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒற்று மிகுமா மிகாதா என்று, பார்த்த பக்கத்தையே இன்னொரு தடவை பார்ப்பது என் தொழிலில் நல்ல குணம். அந்தக் குணம் மேசையோடு நிற்காமல் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. கதவைப் பூட்டுவேன், இழுத்துப் பார்ப்பேன், படி இறங்குவேன், திரும்பவும் ஏறுவேன். பூட்டியது நினைவில் இருக்கும். அது இன்றைய நினைவா நேற்றையதா என்று குழப்பம் வரும். கைப்பேசியில் பூட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம், படம் எடுத்த பிறகு கை பட்டுத் திறந்திருக்குமோ என்று ஆரம்பித்தது. ஓசிடி என்கிறார்கள்; எண்ணச் சுழற்சி நோய் என்றும் எழுதுகிறார்கள்.

முதலில் போனது ஓர் ஆலோசகரிடம். அன்பான மனிதர். "நீங்கள் எவ்வளவு பொறுப்பானவர்! கண்டிப்பாகப் பூட்டியிருப்பீர்கள்" என்பார். அவர் அறையைவிட்டு வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும், மறுநாள் காலை பழையபடி படியேறிக்கொண்டிருப்பேன். நடுவில் போன் செய்து கேட்டாலும் சலிக்காமல் அதையே சொல்வார். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. பூட்டை இழுத்துப் பார்ப்பது கூடியதே தவிர குறையவில்லை. அவர் என்ன படித்தவர், எந்த முறையில் சிகிச்சை தருகிறார் என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை.

பிறகு ஒரு மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம், அதாவது மருத்துவ உளவியலாளரிடம், அனுப்பினார். வழக்கப்படி "டாக்டர்" என்று ஆரம்பித்தேன். "நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே தன்னைப் பற்றிச் சொன்னார். உளவியலில் பட்ட மேற்படிப்பு. அதற்குமேல் மனநல மருத்துவமனை ஒன்றில், மூத்தவர்களின் மேற்பார்வையில், நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. சோதனைகள் நடத்தி அறிக்கை எழுதுவதும், வார்டில் தீவிர நிலையில் இருப்பவர்களைப் பார்ப்பதும் அந்தப் பயிற்சியில் அடக்கம். இன்றைக்கும் சிக்கலான கேஸ் என்றால், பெயரைச் சொல்லாமல் ஒரு மூத்தவரிடம் கொண்டுபோய்த் தான் செய்வது சரியா என்று பார்க்கச் சொல்வாராம். மெய்ப்புத் திருத்தியவரின் பக்கத்தை இன்னொருவர் பார்ப்பது மாதிரி. எனக்கு அந்த இடத்தில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு சுவையான தகவல். இந்தத் துறையின் முதல் கிளினிக்கை 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் லைட்னர் விட்மர். அவரிடம் முதலில் வந்தது பேயோ பித்தோ பிடித்த ஆள் இல்லை, எழுத்துப்பிழை ஓயாமல் விட்ட ஒரு பள்ளிச் சிறுவன். ஆசிரியை ஒருவர்தான் அழைத்து வந்தார். சோதித்துப் பார்த்ததில் பையனுக்குக் கண்பார்வையிலும் குறை இருந்தது தெரிந்து, கண்ணாடி போட வைத்தார்கள். இதைப் படித்தபோது, இந்தத் துறைக்கும் என் தொழிலுக்கும் பழைய உறவுதான் என்று சிரித்துக்கொண்டேன். முதலில் சோதித்துப் பார், பிறகு பேசு என்ற பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

என் சைக்காலஜிஸ்டும் என்னை முதலில் அளந்துதான் பார்த்தார். ஓசிடி எவ்வளவு தீவிரம் என்று அளக்க, யேல்-பிரவுன் அளவுகோல் என்று பத்துக் கேள்விகள், மொத்தம் நாற்பது மதிப்பெண். எண்ணங்கள் எவ்வளவு நேரத்தை விழுங்குகின்றன, தடுக்கப் பார்த்தால் முடிகிறதா என்றெல்லாம் கேள்விகள். இடையிடையே அதையே மறுபடி போட்டுப் பார்ப்போம், இறங்காவிட்டால் முறையை மாற்றுவோம் என்றார். அதாவது, சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசிவிட்டார்.

அப்புறம் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். சந்தேகம், பதற்றம், இழுத்துப் பார்த்தல், கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி சந்தேகம். "பூட்டியிருப்பீர்கள் என்று யாராவது சொல்லும்போது அது எங்கே வருகிறது, காட்டுங்கள்" என்றார். இழுத்துப் பார்த்தல் என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்தேன். ஆறுதலும் ஒரு இழுத்துப் பார்த்தல்தான், வாயால் செய்வது. அவர் அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை.

அவர் செய்த சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. (எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன்) என்று பெயர். பயப்படும் சூழலுக்குள் வேண்டுமென்றே போய், வழக்கமாகச் செய்யும் சடங்கை, என் விஷயத்தில் பூட்டை இழுத்துப் பார்ப்பதை, செய்யாமல் இருப்பது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இப்படிச் சடங்குகளைத் தடுத்து இரண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததை எழுதிய பிறகு வளர்ந்த முறை இது. என் பயங்களை நூறுக்கு இத்தனை என்று எண் போட்டு, ஏணிப்படியாக வரிசைப்படுத்தச் சொன்னார் என் சைக்காலஜிஸ்ட். அடிப்படியில் என் தொழிலையே வைத்தார்: ஒரு கடிதத்தை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புவது. (இந்தக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. பிழை இருந்தால் உங்கள் மெய்ப்புத் திருத்துநர் பார்த்துக்கொள்ளட்டும்.)

நடுப்படிக்கு வந்த நாளில், அவருடைய அறைக் கதவை என்னைப் பூட்டச் சொன்னார். இழுத்துப் பார்க்கக் கூடாது. இருவரும் நடைவழியின் கோடிக்குப் போய் நின்றோம். "இப்போது எவ்வளவு?" என்றார். எண்பது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. "பூட்டித்தானே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். "தெரியாது" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கதவு நன்றாகவே தெரியும்! "நீங்கள் சொன்னால் போதுமே" என்றேன். "அதனால்தான் சொல்லவில்லை" என்றார். முகத்தில் கடுமை இல்லை. கூடவே நின்றார், அவ்வளவுதான். எண்பது மெல்ல அறுபதானது, எழுபதுக்கு ஏறியது, மறுபடி இறங்கியது. எண் இறங்குவதுகூடப் பெரிய விஷயமில்லை, அது இறங்காதபோதும் நிற்க முடிகிறதா என்பதுதான் முக்கியம் என்று பிறகு சொன்னார்.

என் மனைவியையும் ஒரு நாள் வரச் சொன்னார். வீட்டில் அவளிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? "அது ஓசிடி கேட்கிற கேள்வி, அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு பாடத்தைக் கற்று நான் பார்த்ததில்லை.

ஆறுதலே கூடாது என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துக்கத்தில் வருகிறவரிடம் இவரே மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழ முடியாதவரிடம், ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்ய வைப்பார். ஆளுக்கும் நோவுக்கும் ஏற்ப முறை மாறுகிறது. எந்த முறை, ஏன் அது என்று கேட்டால் ஒரு பயிற்சி பெற்றவர் தெளிவாகச் சொல்வார். "எல்லாம் பேசினால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொன்னால், வேறு ஒருவரையும் பார்த்துவிடுங்கள் என்பேன்.

சிகிச்சை முடிந்ததா என்றால், அளவுகோலில் எண் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. சந்தேகம் இன்னும் வரும். வந்தால் வரட்டும் என்று படி இறங்குகிறேன்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பகுதியில் பதில் எழுதுகிறவரின் பெயருக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள்: என்ன படித்தவர், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர், எந்த வகைப் பிரச்சினைக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறவர். புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)