28 நாள்: ஃபிஃபாவுக்கும் யூஃபாவுக்கும் ஒரு திறந்த மடல்

ஃபிஃபா கவுன்சில் உறுப்பினர்களுக்கும் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஃபாவின் செயற்குழுவினருக்கும்,

வணக்கம்.

2025 ஜூலை 12 அன்று, கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஃபிஃபா ஓர் அறிக்கை விட்டது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம், சீசன் முடிந்ததும் குறைந்தது 21 நாள் விடுமுறை என்று வீரர் சங்கங்களுடன் பேசி ஒருமித்த கருத்து எட்டப்பட்டதாம். உலக வீரர்களின் தலைமைச் சங்கமான ஃபிஃப்ப்ரோவுக்கு அந்தக் கூட்டத்துக்கு அழைப்பே இல்லை. அந்த 21 நாளையும் கிளப்பும் வீரரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று அதே அறிக்கையில் கைகழுவியும் ஆயிற்று.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சீசனுக்கும் சீசனுக்கும் இடையே தொடர்ச்சியாக 28 நாள் முழு ஓய்வு வேண்டும். அது கருத்தாக, பரிந்துரையாக, நல்லெண்ணமாக இருந்தால் போதாது. வீரர் நிலை மற்றும் இடமாற்ற விதிமுறைகளில், மீறினால் தண்டனை உண்டு என்ற வாசகத்தோடு ஏற வேண்டும்.

எல்லா வீரருக்கும்தான் கேட்கிறோம். ஆனாலும் இந்த மடலில் நடுக்கள ஆட்டக்காரரையே பேசப்போகிறோம். அட்டவணையின் பாரம் முதலில் இறங்குவது அவர் காலில்தான்.

பக்கவாட்டில் ஆடும் விங்கர் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுக் கோட்டோரம் நின்று மூச்சு வாங்கலாம். ஐந்து பேரை மாற்றலாம் என்று வந்த பிறகு, 60, 70-ஆவது நிமிடத்தில் முதலில் வெளியே வருவதும் பெரும்பாலும் அவரே. தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் ஆறாம் நம்பருக்கு அந்தச் சலுகை அபூர்வம். அவரை எடுத்தால் அணியின் கட்டு குலையும் என்று பயிற்சியாளர் பயப்படுவார். ஆட்டத்துக்கு 11, 12 கிலோமீட்டர் ஓடுகிறார், அதிலும் நேர் ஓட்டம் கொஞ்சம்தான். நாலெட்டு ஓடி பிரேக், திரும்பல், முதுகில் ஒருவர் மோதிக்கொண்டிருக்கப் பந்தை வாங்கி ஒற்றைக் காலில் சுழல்வது, மறுபடி பிரேக். பாதம் புல்லில் ஊன்றி நிற்கிறது, முழங்கால் உள்பக்கம் சரிகிறது, உடம்பு வேறு திசையில் திரும்புகிறது. முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முன்சிலுவை ஜவ்வு (ACL) கிழிய இது போதும். யாரும் உதைக்க வேண்டியதில்லை.

உங்கள் 72 மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஞாயிறு மாலை ஆட்டம், புதன் மாலை அடுத்தது. ஞாயிறு இரவு விமானம், விடியற்காலையில் வீடு, அரைகுறைத் தூக்கம். திங்கள்கிழமை சைக்கிள், நீச்சல் குளம், மசாஜ். செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் லேசான பயிற்சி, கார்னர், ஃப்ரீ கிக் ஒத்திகை, எதிரணி வீடியோ. ஆட்டத்தில் தீர்ந்துபோன கிளைகோஜன், அதாவது தசை சேர்த்துவைக்கும் எரிபொருள், தசையில் திரும்ப நிரம்புவதற்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். புதன்கிழமை மறுபடி 12 கிலோமீட்டர்.

இந்த மூன்று நாளில் தசைக்கு வலு ஏற்றும் பயிற்சியை எங்கே செருகுவது? தொடையின் பின்தசையைக் காக்க எல்லா கிளப்பும் அறிந்த நார்டிக் பயிற்சி இருக்கிறது. முட்டிபோட்டு நிற்க வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், விட்டுவிட்டுச் செய்பவருக்கு அடுத்த இரண்டு நாள் தொடை பிடித்துக்கொள்ளும். புதன்கிழமை ஆட்டத்தை வைத்துக்கொண்டு திங்கள்கிழமை இதைச் செய்யச் சொல்ல எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார். எனவே தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடப் போட வலு குறையும், வலு குறையக் குறைய வலி கூடும், வலி கூடுவதால் மறுபடி தள்ளிப்போடுவார்கள். செப்டம்பரில் தள்ளிப்போட்டது ஏப்ரலில் ஸ்கேன் படமாக வந்து நிற்கும்.

சீசனுக்கு நடுவே ஏற்ற முடியாத வலுவை ஏற்றச் சீசன் இல்லாத காலம்தான் ஒரே வழி. ஃபிஃப்ப்ரோ கூட்டிய மருத்துவ, உடற்பயிற்சி நிபுணர்கள் நான்கு வாரம் ஓய்வு, அதன் பிறகு நான்கு வாரம் மறுபயிற்சி என்று சொன்னது இதனால்தான்.

ரோட்ரியின் கதை உங்களுக்கு மனப்பாடம். 2023-24-இல் மான்செஸ்டர் சிட்டிக்கும் ஸ்பெயினுக்குமாக 63 ஆட்டம். 2024 ஜூலை 14 அன்று பெர்லினில் யூரோ இறுதி ஆட்டத்தின் பாதியிலேயே காயத்தோடு உட்கார்ந்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. செப்டம்பர் 17 அன்று செய்தியாளர் கேட்டதற்கு, 40, 50 ஆட்டம் வரைதான் ஒருவர் தன் முழுத் தரத்தில் ஆட முடியும், வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டோம் என்றார். ஐந்தாவது நாள் ஆர்சனலுடன் ஆட்டம். ஒரு கார்னருக்காகப் பெனால்ட்டி பகுதிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றபோது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். 21-ஆவது நிமிடத்தில் வெளியே. ஜவ்வும் கிழிந்திருந்தது, அதனோடு முழங்காலின் குருத்தெலும்பான மெனிஸ்கஸும்.

ஒரு முழங்காலை வைத்து அட்டவணைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பீர்கள். சரி, காயத்தின் காரணத்தை விடுங்கள். திரும்பி வந்த விதத்தைப் பாருங்கள்.

கிழிந்த ஜவ்வைப் பொதுவாகத் தைத்து ஒட்டுவதில்லை. முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாணிலிருந்தோ தொடைப் பின்தசையின் நாணிலிருந்தோ ஒரு பட்டையை வெட்டி எடுத்து, எலும்பில் துளையிட்டு, புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். பொருத்திய நாளில் இருக்கும் பலம் பிறகு குறைகிறது. ரத்த ஓட்டம் இல்லாத அந்தப் பட்டைக்குள் புது ரத்தக்குழாய் ஓடி, அது ஜவ்வாக மாறும் முதல் சில மாதங்களில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். வீரருக்கோ அதே சமயத்தில் வலி போய், வீக்கம் வடிந்து, ஓடலாம் என்று தோன்றும். அவரைப் பிடித்து உட்காரவைப்பதே பிசியோதெரபிஸ்ட்டின் பாதி வேலை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் களமிறங்கினால் மறுபடி கிழியும் அபாயம் கூடுதல் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இரண்டு தொடைகளின் பலத்தையும் அளந்து, காயம்பட்ட கால் மற்றதில் 90 விழுக்காடாவது எட்டியதா என்று பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும்.

ரோட்ரி 2025 மே 20 அன்று போர்ன்மவுத்துக்கு எதிராக இறங்கினார். காயம்பட்டு எட்டு மாதம்கூட நிறையவில்லை. சாதாரண வருடமாக இருந்தால் சீசன் அத்தோடு முடிந்து, ஜூன், ஜூலை முழுதும் தொடையை வளர்த்திருக்கலாம். அந்த ஜூனில் உங்கள் 32 அணிக் கிளப் உலகக் கோப்பை வந்தது. ஜூன் 30 அன்று ஓர்லாண்டோவில் அல் ஹிலாலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர், கூடுதல் நேரத்தில் தானே மாற்றப்பட்டு வெளியேறினார். இந்த முறை கவட்டியில் காயம். முழங்காலுக்கு ஆகாவிட்டால் தொடை, தொடைக்கு ஆகாவிட்டால் கவட்டி என்று உடம்பு பாரத்தை இடம் மாற்றிக்கொண்டே போகும். நீண்ட ஓய்விலிருந்து வருபவருக்கு நடப்பது இதுதான், உங்கள் மருத்துவக் குழுவைக் கேளுங்கள்.

பாரிஸ் செயின்ட் ஜெர்மேனின் நடுக்கள ஆட்டக்காரர் விட்டின்யாவுக்குக் காயம் எதுவும் வேண்டாம், அவருடைய நாட்காட்டியே போதும். 2025 மே 31 சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஜூன் 4-லும் 8-லும் போர்ச்சுகலுக்காக நேஷன்ஸ் லீக் கடைசிக் கட்டம். ஜூன் 15 பாசடீனாவில் கிளப் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். ஜூலை 13 அதன் இறுதி ஆட்டம். ஆகஸ்ட் 13 உடினேயில் சூப்பர் கோப்பை. ஜூலை 13-க்கும் ஆகஸ்ட் 13-க்கும் இடையே 31 நாள். விடுமுறை, பயிற்சி, பயணம் எல்லாம் அதற்குள். நிபுணர்கள் கேட்ட ஓய்வும் மறுபயிற்சியும் சேர்ந்தால், 28 கூட்டல் 28 என்பது 56 என்று நாங்கள் படித்த பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

பார்சிலோனாவின் பெட்ரியை இங்கே சேர்த்தால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள் என்று தெரிந்தே சேர்க்கிறோம். 18 வயதில் ஒரே சீசனில் 73 ஆட்டம். 2021 ஜூலை 6 அன்று வெம்ப்லியில் யூரோ அரையிறுதி, 16 நாள் கழித்து சப்போரோவில் ஒலிம்பிக், ஆகஸ்ட் 7 யோகஹாமாவில் கூடுதல் நேரம் வரை போன இறுதி ஆட்டம், ஆகஸ்ட் 15 பார்சிலோனாவின் முதல் லீக் ஆட்டம். செப்டம்பரில் இடது தொடை போனது, ஜனவரியில்தான் திரும்பினார், ஏப்ரலில் அதே காலின் பின்தசை. ஒலிம்பிக்குக்கு வீரரை விட வேண்டும் என்று எங்கள் விதியில் கட்டாயம் இல்லையே என்பீர்கள். உண்மைதான், அனுப்பியது கிளப்பும் ஸ்பெயின் சம்மேளனமும். அதனால்தான் விதி கேட்கிறோம். ஆளுக்கொரு கை இழுக்கும்போது 18 வயதுப் பையனால் முடியாது என்று சொல்ல முடியாது.

28 என்ற எண் உங்களுக்குப் புதிதும் அல்ல. ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டத்தில், தேசிய அணிக்கு ஆடும்போது காயம்பட்ட வீரருக்காகக் கிளப்புக்கு நாளுக்கு 20,548 யூரோ வரை, ஒரு காயத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ கொடுக்கிறீர்கள். எப்போதிலிருந்து? காயம் 28 நாளைத் தாண்டினால். படுத்துக்கிடப்பதற்கு 28 நாள் கணக்கு வைத்திருக்கும் நீங்கள், படுக்காமல் இருப்பதற்கு 21 போதும் என்கிறீர்கள்.

நாற்பது வயதிலும் குரோஷியாவின் நடுக்கள ஆட்டக்காரர் மோட்ரிச் ஆடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 18 வயதில் மோட்ரிச் போஸ்னியாவில் ஸ்ரின்ஸ்கி மோஸ்தாரில் கடனுக்கு ஆடிக்கொண்டிருந்தார். டாட்டன்ஹாமுக்கு வந்தது 22 வயதில். அந்தக் காலுக்குப் பதினெட்டில் 73 ஆட்டம் கொடுத்திருந்தால் நாற்பது வந்திருக்குமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

சாம்பியன்ஸ் லீக்கை 125 ஆட்டத்திலிருந்து 189 ஆக்கினீர்கள். முன்பு 13 ஆட்டத்தில் கிடைத்த கோப்பைக்கு இப்போது 17 வரை ஆட வேண்டியிருக்கிறது. உலகக் கோப்பையை 64-லிருந்து 104 ஆக்கினீர்கள். கிளப் உலகக் கோப்பையில் நூறு கோடி டாலர் பரிசு அறிவித்தீர்கள். அங்கே சின்சினாட்டி வெயிலுக்குப் பயந்து டார்ட்மண்டின் மாற்று ஆட்டக்காரர்கள் முதல் பாதியை உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். செல்சியின் நடுக்கள ஆட்டக்காரர் என்சோ பெர்னாண்டஸ் தலைசுற்றித் தரையில் படுக்க வேண்டியிருந்ததைத் தாமே சொன்னார். ஓய்வு கேட்டால் 2026 உலகக் கோப்பைக்கு ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை தந்தீர்கள், மழை பெய்தாலும் உண்டு. நன்றி, விளம்பரதாரர்களுக்கும் தாகம் தணியும். விருதுக்கும் குறைவில்லை. சிறந்த இளம் வீரருக்கான கோபா விருதைப் பெட்ரி வாங்கியபோது காயத்தில் இருந்தார். உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை ரோட்ரி வாங்க ஊன்றுகோலோடு மேடை ஏறினார். அடுத்த முறை மேடைக்குப் படி வைக்காமல் சரிவுப் பாதை போட்டுவிடலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் முடிந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக 28 நாள், வீரரைக் கிளப்போ தேசிய அணியோ பயிற்சிக்கோ விளம்பரப் படப்பிடிப்புக்கோ அழைக்கக் கூடாது. வீரரே சம்மதித்தார் என்ற கடிதம் செல்லாது, ஏனென்றால் அந்தக் கடிதத்தை வாங்குவது கடினமில்லை. 28 நாள் முடியாத வீரரைக் களமிறக்கினால் அந்த ஆட்டம் 3-0 என்று எதிரணிக்குப் போக வேண்டும். தகுதியற்ற வீரரை இறக்கும் அணிக்கு இதே தண்டனையை ஏற்கெனவே கொடுக்கிறீர்கள், புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாள் கணக்கைப் பார்க்கத் தனி அலுவலகமும் வேண்டாம், ஆட்டத் தாளில் பெயரும் தேதியும் இருக்கின்றன.

அடுத்த கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு ஃபிஃப்ப்ரோவையும் அழையுங்கள். நாற்காலி போதவில்லை என்றால் அவர்கள் நின்றுகொண்டே பேசவும் தயாராக இருப்பார்கள்.

இப்படிக்கு,
தமிழில் கால்பந்தைப் பார்த்து, எழுதி, சொல்லிக்கொடுத்து வருபவர்கள்