கண்ணில பூளையெண்டா தாயிலயோ பிழை?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட மருத்துவப் பக்கத்தில, கைக்குழந்தையின்ர கண்ணில தண்ணி வடியிறதுக்குத் தாயின்ர சுத்தக்குறைவுதான் காரணமெண்டு ஒரு வரி போட்டிருந்தியள். எங்கட மாமி அதை ரெண்டுதரம் சத்தமா வாசிச்சவ, குசினிக்க நிண்ட எனக்குக் கேக்கோணுமெண்டுதான். பேப்பரே சொல்லிப்போட்டுது, இனி நான் என்னத்தைக் கதைக்கிறது?

ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை, கண்ணீர் மூக்குக்க இறங்கிற குழாயின்ர அடியில இருக்கிற மெல்லிய சவ்வு சில பிள்ளையளுக்குத் திறக்காமலே பிறக்கும். அதுக்கும் நான் பிள்ளையைக் குளிப்பாட்டினதுக்கும் என்ன சம்பந்தம்? விடிய எழும்பேக்க மகன்ர இமைமயிர் எல்லாம் மஞ்சளா ஒட்டிப்போய்க் கிடக்கும், கொதிச்சாறின தண்ணியில பஞ்சை நனைச்சு ஊறவிட்டுத்தான் கண்ணைத் திறக்கவைக்கிறது, அப்பிடிப் பாத்த பிள்ளை ஐயா.

கண்ணுக்க முலைப்பால் விடு எண்டு ஊரெல்லாம் சொன்னது. கைவைத்தியமெண்டு உங்கட பேப்பரும் முந்தி அதைப் போட்டது, நான் மறக்கேல்லை. கிளினிக் நாளைப் பேப்பரில மாறிப் போட்டு சனம் வெயிலுக்க பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு நிண்டதையும் மறக்கேல்லை. ராசிபலன் மட்டும் ஒரு கிழமையும் தவறினதில்லை, சந்தோசம்.

டொக்டர் சொன்னது, நகத்தை வெட்டிப்போட்டுக் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில சுண்டுவிரலால அமத்திக் கீழ இழுத்துவிடச்சொல்லி. பத்தில ஒம்பது பிள்ளையளுக்கு ஒரு வயசுக்குள்ள தானாவே திறந்திடுமாம். என்ர மகன் அந்தப் பத்தாவது. ஒரு வயசு தாண்ட மயக்கமருந்து குடுத்து இமையோரத்து ஓட்டையால மெல்லிய கம்பி விட்டுத் திறந்தவை, வேலை கொஞ்ச நிமிசம்தான், ஆனா அதுக்கு வெறுவயித்தில வச்சிருந்து பால் கேட்டுக் கத்தின பிள்ளையோட வாங்கில இருந்தது நான். அங்கயும் ஒரு தாதி, ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் விட்டனீ எண்டு கேட்டா. ஒரு வயசு மட்டும் பொறுக்கச் சொன்னதே உவைதான்!

தாயைக் குறைசொல்ல இடமிருந்த பக்கத்தில, வெளிச்சத்துக்குப் பிள்ளை கண்ணை இறுக்கினா, கருவிழி பெருத்து மங்கினா அது கண்ணழுத்த நோயா இருக்கலாம், உடன கொண்டு ஓடுங்கோ எண்டு சொல்ல ஒரு வரிக்கு இடமில்லையோ?

நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. வாற ஞாயிறு அந்த வரி பிழையெண்டு போட்டு, விரலை எங்க வைக்கிறதெண்டு ஒரு சின்னப் படமும் போடுங்கோ, மரண அறிவித்தலுகளுக்கு நடுவில எண்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொடிகாமம்