டிராக்டருக்கு ஹீட்டர் பொருத்தப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

சென்ற வாரம் நீ தொலைபேசியில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பனி உறைந்த காலையில் டிராக்டர் நான்கைந்து முறை முனகிவிட்டு நின்றுபோனது என்றும், பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து காற்றுக் குழாயில், எளிதில் தீப்பற்றும் ஈதர் திரவத்தை அடித்துக் கிளப்பித் தந்தார் என்றும், என்ஜினின் இரும்பு உடலான பிளாக்கை முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டர் ஒன்றை நீ வாங்கிவிட்டாய் என்றும் சொன்னாய். வாங்கியது நல்லது. அதைப் பொருத்துவதற்கு முன் நீ அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஈதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் டிராக்டரில், குளிரில் கிளப்புவதற்காகச் சிலிண்டருக்குள் சூடேறும் க்ளோ பிளக் இருக்கிறது. அது பழுத்துச் சிவந்திருக்கும் நேரத்தில் ஈதர் உள்ளே போனால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே தீப்பற்றி வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம். உதவ வந்தவர் நல்ல மனத்தோடுதான் செய்தார், ஆனால் அந்த முறை இந்த என்ஜினுக்கு ஆகாது. இனி யாரையும் அடிக்க விடாதே.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது; காற்றை இறுக அமுக்கும்போது பிறக்கும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்த வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, ஆயிலோ கெட்டியாகி, என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் சுழலுவதைத் தடுக்கிறது, போதாக்குறைக்கு மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அப்படியும் கிளம்பிவிட்டால் வெள்ளைப் புகை வருகிறதே, அது எரியாமல் வெளியேறும் டீசல். அந்த டீசல் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயிலையும் கழுவிவிடுகிறது. ஆகவே ஹீட்டர் வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் என்று எண்ணாதே. என்ஜின் தேயாமல் நெடுநாள் உழைப்பதற்கும் அதுவே துணை.

நீ வாங்கியிருப்பது கோர் பிளக் இருக்கும் இடத்தில் பொருந்தும் வகை. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தெரியும் அந்தத் தகட்டு மூடிகள், வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விட்ட துளைகளை அடைப்பவை. அவற்றுக்குப் பின்னால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது. எல்லாத் துளைகளிலும் ஹீட்டர் பொருந்தாது. எந்தத் துளை என்பதை உன் என்ஜினுக்குரிய கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே கூலன்டை இறக்க வேண்டும். அதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து உடனே மூடி வை. அது இனிப்பாக இருக்கும், கொடிய நஞ்சும்கூட. உன் நாய் ஒரு வாய் நக்கினாலும் ஆபத்து. கோர் பிளக்கைக் கழற்றும்போது நடுவில் ஓங்கி அடிக்காதே. அப்படி அடித்தால் அது உள்ளே விழுந்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. ஒரு விளிம்பில் மெல்லத் தட்டினால் மறு விளிம்பு வெளியே திரும்பும். அதைக் குறடால் பற்றி இழுத்துவிடலாம். துளையின் உட்சுவரில் இருக்கும் துருவையும் பழைய பசையையும் பொறுமையாகத் தேய்த்து எடு. ஹீட்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் இடம் வழவழப்பாக இல்லையென்றால், எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. இந்த வேலைக்கு ஒரு முழுப் பிற்பகலையும் ஒதுக்கினாலும் தவறில்லை.

ஓ-ரிங்கின் மேல் சிறிது கூலன்டைத் தடவி ஹீட்டரை நேராக உள்ளே செலுத்து. அதன் சூட்டுக்கம்பி பிளாக்கின் எந்தச் சுவரையும் தொடக்கூடாது; கையேடு காட்டும் பக்கமே அது திரும்பியிருக்க வேண்டும். பிறகு நடுத் திருகை, குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்கு. கூலன்டை மெதுவாக ஊற்று. காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்று. என்ஜினை ஓட்டி, சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை சூடாக விட்டு, மறுபடியும் ஆறவைத்து, அளவு குறைந்திருந்தால் நிரப்பு. கசிவு ஒரு துளியும் இல்லை என்று கண்ட பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையை மாற்றிவிடாதே, மகளே. என் முதல் ஹீட்டரைப் பொருத்துவதற்கு முன், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வெளியிலேயே வைத்துச் சில நொடிகள் மின்சாரம் கொடுத்தேன். கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டிய கம்பி காற்றில் தாங்காது, கருகி அறுந்துவிட்டது. பொருத்தி முடித்து, கூலன்ட் எல்லாம் நிரப்பி, இரண்டு இரவுகள் செருகி வைத்தும் காலையில் பிளாக் ஐஸ் போல் இருந்த பிறகே எனக்கு அது தெரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப இறக்கி, திரும்பச் செய்தேன். உனக்கு அந்த வேலை வரக்கூடாது.

சோதிக்க வேண்டுமானால் மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மல்டிமீட்டர் போதும். உன் ஹீட்டர் 1000 வாட் என்றாய், எத்தனை வோல்ட்டுக்கானது என்று சொல்லவில்லை. 230 வோல்ட் என்றால் இரு முனைகளுக்கு இடையே சுமார் 53 ஓம் காட்டும். 120 வோல்ட் என்றால் சுமார் 14 ஓம். எர்த் முனைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே இணைப்பே காட்டக்கூடாது. காட்டினால் அந்த ஹீட்டரைத் தொடாதே, திருப்பிக் கொடுத்துவிடு.

ஒயரைச் சைலன்சர், ஃபேன், பெல்ட் ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கொண்டுபோய், அதிர்வில் உராயாதபடி கட்டு. எர்த் உள்ள, வெளியிடங்களுக்கென்றே செய்த தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயரையே பயன்படுத்து. 120 வோல்ட்டில் 1000 வாட் என்பது 8 ஆம்பியருக்கு மேல். மெல்லிய ஒயர் சூடேறி உருகும். கொட்டகையில் வைக்கோல் இருக்கிறது, எலியும் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்போதும் நடுவிலும் ஒயர் முழுவதையும் கையால் தடவிப் பார், எங்காவது கடிபட்டிருக்கலாம். மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் அந்த பிளக் பாயின்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

இரவு முழுவதும் எரிய விடத் தேவையில்லை. நீ வண்டி எடுக்கும் நேரத்திற்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் முன்பு தொடங்கும்படி, அந்த ஆம்பியரைத் தாங்கும் டைமர் ஒன்றை வைத்துக்கொள். மூன்று மணி நேரத்திற்கு மூன்று யூனிட்தான் ஆகும். கிளப்புவதற்கு முன் பிளக்கைக் கழற்றி, அதன் மூடியைப் போட்டுவிடு. மறந்துபோய் ஒயரோடு நகர்த்திவிடாமல் இருக்க, செருகியிருக்கும் நேரமெல்லாம் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஹீட்டர் இருக்கிறதே என்று கூலன்டின் தரத்தில் அசட்டையாக இருந்துவிடாதே, மின்சாரம் நின்ற இரவில் அது ஒன்றுதான் பிளாக்கைக் காக்கும். கூலன்டில் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கிளைக்காலைத் தனியாக ஊற்றினால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், ஆகவே கெட்டியாக இருப்பதே நல்லது என்று எண்ணிவிடாதே. டீசலில் மெழுகு பிரிந்து ஃபில்டர் அடைத்துக்கொள்வதையும் பிளாக் ஹீட்டர் தடுக்காது. அதற்குக் குளிர்கால டீசலை முன்கூட்டியே டாங்கில் நிரப்பியிருக்க வேண்டும்.

பொருத்துவதற்கு முன் எத்தனை ஓம் காட்டியது, பொருத்திய பின் எத்தனை காட்டியது என்று எனக்கு எழுது. கோர் பிளக்கைக் கழற்றும் நாளில் உன்னோடு இன்னொருவர் இருக்கட்டும்.

உன் அன்பு அப்பா