உன் ஆளை எதிரி வெட்ட வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குறும்படக் கதையைப் படித்துவிட்டேன். பினாங்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கோலாலம்பூரின் செந்தூல் சந்துகள் கண்ணில் தெரிந்தன. ஆனால் கடைசியில் எதிர் கேங் பாராங் கத்தியோடு வந்து உன் ஆளை வெட்டிப்போடுகிறதே, அங்கேதான் இடிக்கிறது. அப்படிச் செத்தால் அவன் சண்டையில் தோற்றவன், அவ்வளவுதான். நீ எழுத ஆசைப்பட்டது தன்னையே தின்று தீர்க்கிற ஒருவனை.

ஸ்கார்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) படத்தை மறுபடி பார். ஜேக் லமோட்டா குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனாக இருந்தவன். பிற்பாடு ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டு பணத்துக்கு அலைகிறான். சாம்பியன் பெல்ட்டைச் சுத்தியலால் அடித்துக் கற்களைப் பெயர்த்துக் கடைக்கு எடுத்துப் போகிறான். பெல்ட்டை முழுசாகக் கொண்டுவந்திருந்தால் நல்ல விலை போயிருக்கும் என்கிறார் கடைக்காரர். ஆள் மொத்தமும் அந்தக் காட்சியில் இருக்கிறான். அப்புறம் சிறையறையில் சுவரைக் குத்துகிறான். தம்பியை எப்போதோ அடித்து விரட்டியாகிவிட்டது, மனைவியும் போய்விட்டாள், குத்துவதற்குச் சுவர்தான் மிச்சம். மேடையில் அவனை ராஜாவாக்கிய அதே கைதான். வேறு விதமாக ஆளாயிருக்க அவனுக்குத் தெரியாது.

செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006) உனக்கு மனப்பாடம் என்று தெரியும். கூட்டாளியின் தங்கை கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கப் போன ரவுடி கொக்கி குமார், அதைத் தானே கட்டிவிடுகிறான். காதல் என்று சொல்லாதே. இங்கே தன்னை யாராலும் தடுக்க முடியாது என்று தெரிந்த நொடியில் கை நீள்கிறது. நம்பிப் பின்னால் நின்றவன் அந்த இடத்திலேயே பகையாளி ஆகிறான். இத்தனைக்கும் பிறகு இயக்குநர் அவனைச் சாகவிடாமல் அரசியலில் ஏற்றிவிடுகிறார் பார், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சரி, நம் மலேசியாவுக்கு வருவோம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) படத்தில் ரப்பர் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பத்துப் பையன் அப்போய். படி படி என்று அடிக்கிற அப்பா ஒரு பக்கம், கேங்கில் இருக்கும் மெக்ஸிகோ சித்தப்பா இன்னொரு பக்கம். அடிக்கிறவன்தான் பெரிய ஆள் என்ற பாடம் அந்தப் பையனுக்குத் தெருவுக்குப் போகுமுன்பே வீட்டில் கிடைத்துவிடுகிறது. உன் கதையில் இந்த வீடுதான் இல்லை. உன் ஆள் முதல் பக்கத்திலேயே கேங்காரனாக வந்து நிற்கிறான்.

கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டவே வேண்டாம், அதை 'கபாலி' (2016) இங்கே வந்து செய்து முடித்துவிட்டது.

பாராங் காட்சியை எடுத்துவிடு. அவனிடம் கடைசியாக உரிமையோடு பேசக்கூடிய ஒரு ஆளை அவனே எப்படி இழக்கிறான் என்று எழுது. அந்த ஆள் உன் கதையில் ஏற்கெனவே இருக்கிறாள். அவன் தங்கச்சி. மூன்று காட்சியில் வருகிறாள், மூன்றிலும் தே கலக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அடுத்த பிரதியில் அவளைப் பேசவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா