பாலத்துக்கும் முகூர்த்தம்

பிராக்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னால் அப்பா நம்பமாட்டீர்கள். என் தப்புதான்.

நான் நல்ல சுகம். குளிர்தான் படுத்துகிறது. சாயங்காலம் நாலரைக்கே கும்மிருட்டு.

எதிர் வீட்டுப் பாட்டி முந்தாநாள் கதவைத் தட்டினார். நான் கடுகு தாளித்த புகை அவர் வீடு வரை போய்விட்டதாம். ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தேன். இங்கே மாவை உருளையாக வேகவைத்து, கத்தி வைக்காமல் நூலால் வில்லை வில்லையாக அறுப்பார்கள். அதில் இரண்டை ரசத்தில் ஊறப்போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கிண்ணத்தோடு வந்து நின்றார்!

இன்றைக்கு லீவு. டிராம் ஏறாமல் நடந்தே சுற்றினேன்; நடந்தால்தானே ஊர் தெரியும். வல்டாவா ஆற்றின் மேல் சார்லஸ் பாலம், இரண்டு பக்கமும் 30 சிலைகள். அதற்கு அடிக்கல் நாட்டிய நேரத்தை மாமாவிடம் சொல்லுங்கள், துள்ளிக் குதிப்பார்: 1357-ஆம் வருடம், 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். சேர்த்து எழுதினால் 135797531, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். நான்காம் சார்லஸ் ராஜா ஜோசியரைக் கேட்டுக் குறித்த நேரம் என்கிறார்கள். சாந்தில் முட்டை கலந்ததாகவும் ஒரு கதை. முட்டை கலந்து பூசிய ஆச்சி வீட்டுச் சுவர் ஞாபகம் வந்து பாலத்தைத் தடவிப் பார்த்தேன். ஆச்சி வீட்டுச் சுவரில் முகம் பார்க்கலாம். இது வெறும் சொரசொர.

அப்பா, கமில் சுவெலபில் என்று வகுப்பில் சொல்வீர்களே, அவர் தமிழ் சொல்லிக்கொடுத்த சார்லஸ் பல்கலைக்கழகம் இங்கேதான். ஆற்றோரக் கட்டிடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. உங்களுக்காகக் கதவைத் தொட்டுவிட்டு வந்தேன்.

சதுக்கத்தில் 1410-ல் செய்த கடிகாரம். மணிக்கொரு தரம் எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கிறது, ஜன்னலில் இயேசுவின் 12 சீடர்கள் வந்துபோகிறார்கள், கடைசியில் ஒரு சேவல் கூவுகிறது. கோபுரம் ஏற டிக்கெட். கீழேயிருந்தே நன்றாகத் தெரிகிறது. சேவலுக்குத் தொண்டை கட்டினமாதிரி ஈனக்குரல். ஆனாலும், விடியலில் அம்மா கோழிக்கூட்டைத் திறக்கிற சத்தம் காதில் விழுந்தது போலிருந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

அது போகட்டும். அம்மா சங்கிலியை அடகு வைத்ததைப் பாப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் மறைத்தீர்கள்? வட்டி கட்டுகிற தேதியைத் தவறவிடாதீர்கள். சித்தப்பாவிடம் மட்டும் கேட்கவேண்டாம், தெருவெல்லாம் சொல்லிவிடுவார். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். பேங்கில் ஏதோ சிக்கல், வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தையிலேயே வேண்டும் என்கிறார்களா? மாசியில் ஒரு நாள் கிடைக்குமா என்று மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு லீவு அப்போதுதான் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்

பி.கு.: ரசப்பொடி தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் மட்டும் கொடுத்து அனுப்புங்கள். தபாலில் வேண்டாம், செலவு.