குப்பையும் சாம்பலும் வந்து சேரும் பக்கத்திலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலைக் காக்கத் தனிமனிதர் அன்றாடம் கைக்கொள்ளக்கூடிய பழக்கங்களைத் தொகுத்து, தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் தவறான அறிவுரை என்று ஒன்றையும் சுட்ட முடியாது. ஆயினும், கைப்பேசி சார்ஜரைக் கழற்றி வைப்பதும் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பதும் ஒரே எடை உடையவை போல ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

நான் வடசென்னையின் எருக்கஞ்சேரியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன். நகரின் வடபகுதிக் குப்பை வந்து குவியும் கொடுங்கையூர் கிடங்கு எங்களுக்கு அண்டை வீடு போன்றது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்துவோம். கிடங்கில் தீப்பிடித்து விட்டால் சாத்தியும் பயனில்லை. இன்னும் வடக்கே எண்ணூரில், அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் கலந்து கழிமுகம் தூர்ந்து போவதாகவும், இறாலும் நண்டும் அருகி வருவதாகவும் மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அண்ணா நகரில் ஒருவர் எறிகிற எச்சில் இலையும், இரவு முழுவதும் ஓடுகிற ஏசியும் கடைசியில் எங்கள் பக்கம்தான் வந்து சேருகின்றன. அந்த இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு, கட்டுரையில் உள்ள பழக்கங்களில் எது பெரிது, எது சிறிது என்பது எளிதில் புலப்பட்டு விடும்.

முதலில் குப்பை. நம் வீடுகளில் சேரும் கழிவில் பாதிக்கு மேல் காய்கறித் தோல், மீந்த சோறு, பூ, தேங்காய் நார் போன்ற மக்கும் பொருளே. மண்ணோடு சேர்ந்தால் உரமாகி விடக்கூடிய இது, மலை போன்ற குப்பைக்கு அடியில் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயுவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது என்பதோடு, கிடங்குத் தீயை வளர்ப்பதும் அதுதான். 2022 ஏப்ரலில் நகரின் தென்பகுதியில் உள்ள பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறிவிட்டன. நானும் இரண்டு வாளி வைத்துப் பிரித்துத்தான் கொடுத்து வந்தேன். ஒருநாள் காலையில், பிரித்துக் கொடுத்த இரண்டும் தெருமுனையில் ஒன்றாகவே கொட்டப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஈரக் குப்பையை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். வெளியே போகாதது கலக்கவும் வழியில்லை அல்லவா?

அடியில் துளையிட்ட இரண்டு பெரிய மண்தொட்டிகள், ஒரு சாக்கு நிறையக் காய்ந்த வேப்பிலைச் சருகு, தொடக்கத்துக்கு ஒரு கை பழைய உரம்: எங்கள் மொட்டை மாடியில் இவ்வளவே ஏற்பாடு. முதல் மாதம் நாற்றமெடுத்து, புழு நெளிந்து, என் மனைவி தொட்டிகளைத் தூக்கி எறியச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. ஈரம் மிகுந்ததே காரணம் என்று பின்னர் புரிந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் குப்பையின் மேல் அதைவிடச் சற்று அதிகமாகவே சருகைத் தூவி, வாரம் இருமுறை கிளறி விடுகிறோம்; குழம்பு, எண்ணெய், மீன் கழிவு ஆகியவற்றை அதில் போடுவதில்லை. ஒரு தொட்டி நிரம்பியதும் மூடி வைத்தால் இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தகரத்தால் மூடிக் காக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது மின்சாரம். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட மின்விசிறிக்கு 30 வாட் அளவு போதும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழல்வதாகக் கொண்டால், இருமாதக் கணக்கில் முன்னதற்கு 54 யூனிட், பின்னதற்கு 22 யூனிட். எங்கள் வீட்டில் மூன்றை மாற்றினோம். கணக்கும் மீட்டரும் பெரும்பாலும் ஒத்துப் போயின. நம் நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்பதால், மூன்று விசிறிகளால் இரண்டு மாதத்துக்கு 65 கிலோவுக்கு மேல் குறைகிறது. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லப்படுகிறது. கோடை இரவுகளில் 20 டிகிரியில் ஓட விட்டுக் கம்பளி போர்த்திக் கொள்பவர்கள் இதைக் கவனிக்கலாம். கட்டுரை வலியுறுத்திய சார்ஜரோ, சொருகியபடியே சும்மா கிடந்தாலும் இரண்டு மாதத்தில் ஒரு யூனிட்டைக்கூட எட்டாது.

துணிப்பை குறித்து ஒரு சொல். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் தடை உள்ளது. 2021 இறுதியில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. இரண்டும் தேவையானவையே. ஆனால் புதிது புதிதாகத் துணிப்பை வாங்கிச் சேர்ப்பதில் பொருளில்லை. பருத்தி விளைய நீர் வேண்டும், நெய்ய மின்சாரம் வேண்டும். கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகளே எங்கள் அலமாரியில் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. கடைக்குப் புறப்படும்போது அதை எடுத்துச் செல்ல மறந்து போவதுதான் சிக்கல். வண்டியின் பெட்டிக்குள் ஒன்றைப் போட்டு வைத்ததும் அதுவும் தீர்ந்தது.

மேலும், இருமாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் வாழ்ந்து, பேருந்தில் வேலைக்குப் போய், பழைய சேலையைத் தலையணை உறையாக்கும் குடும்பங்களுக்கு இந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை பொருந்தா. எங்கள் தெருவில் அத்தகையோரே அதிகம். புகையை அதிகம் சுவாசிப்பவர்களும் அவர்களே.

எனவே, அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது ஒவ்வொரு பழக்கத்துக்கும் எதிரே அதனால் எத்தனை கிலோ குப்பை, எத்தனை யூனிட் மின்சாரம் குறையும் என்ற கணக்கையும், அது எத்தகைய வீடுகளுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
எருக்கஞ்சேரி, சென்னை.