மகளின் லேப்டாப் விஷயமாக

அன்பின் மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம், மழைதான் விட்டபாடில்லை. தீபாவளிக்குப் பிறகு எழுதவில்லை என்ற கோபத்தை நேரில் வந்து திட்டித் தீர்த்துக்கொள். இப்போது அவசரமாக எழுதுவது மகளின் லேப்டாப் பற்றி. வயரை ஒரு பக்கமாக மடக்கி, மேலே புத்தகம் வைத்து அழுத்தினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றாயே, அதை இன்றோடு நிறுத்து.

என்னுடையதற்கும் இதே வருத்தம்தான். வயரை அசைத்தால் லைட் வரும், போகும். டவுனில் ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்ட் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு புதுசு என்ன விலை என்று உனக்குத் தெரியும்தானே. தோட்டத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பின்னேரத்தில் வந்து பழைய பரீட்சைத் தாள்களைப் பார்ப்பது இந்த ஒன்றில்தான், அதை நினைத்து எனக்கு நெஞ்சே பதறிவிட்டது. கடைசியில் டிக்கோயாவுக்கு, நம்ம ரேடியோ மாமாவிடம் கொண்டுபோனேன். அதே கம்பளித் தொப்பி, இன்னமும் உன் கேசட் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மாமா முதலில் சார்ஜர் முனையில் மீட்டரை வைத்தார், 19 வோல்ட் சரியாக இருந்தது. அப்புறம் பேட்டரியைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, சார்ஜர் முனையைச் செருகும் ஜாக்கின் அடிப்பக்கத்தை லென்ஸில் காட்டினார். நடுப் பின்னைச் சுற்றி, அதைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப் பற்றில் தலைமயிர் அளவு ஒரு கறுப்பு வளையம். கோளாறு மொத்தமும் அவ்வளவுதான்! வயர் இழுபடும் ஒவ்வொரு தடவையும் பாரமெல்லாம் அந்தச் சின்னப் பற்றில் விழுந்து விழுந்து வெடிப்பு விட்டிருக்கிறது. வெடிப்பு விட்ட இடத்தில் கரண்ட் தொட்டும் தொடாமலும் பாயும்போது பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் கருகும், அப்படியே விட்டால் போர்டும் போய்விடும். நீ புத்தகம் வைத்து அழுத்தும்போது உள்ளே நடப்பது இதுதான் மச்சான், அதுவும் பிள்ளை அதைக் கட்டிலில் வைத்துப் படிக்கிறாள்.

பழைய ஜாக்கைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. நெகடிவ் பின் போர்டின் அகலமான செப்புத் தளத்தோடு சேர்ந்திருப்பதால் ஈயம் உருக்கும் அயனின் சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்கிறது. போதாததற்கு கம்பனியில் வைத்தது காரீயம் கலக்காத பற்று, உருக 217 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். மாமா அதன்மேல் காரீயம் கலந்த பழைய வகையை உருக்கிக் கலந்தார். அது 183 பாகையிலேயே இளகத் தொடங்குவது, கலந்ததும் எல்லாம் சேர்ந்து இளகிவிட்டது. பிறகு செப்புப் பின்னலை வைத்து, உருகிய ஈயத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். அவசரப்பட்டு இழுத்தால் துளைக்குள் இருக்கும் செப்பும் கூடவே வந்துவிடுமாம். புது ஜாக்குக்குப் போனது சின்னக் காசு, இப்போது வயரை ஆட்டினாலும் லைட் அசையவில்லை.

உன்னுடையது இதைவிடச் சுலபமாகவும் இருக்கலாம். எத்தனையோ மாடல்களில் ஜாக் தனி வயரில் வரும், பிடுங்கி வேறொன்று செருகினால் சரி, ஈயமே தேவையில்லை. ஆகவே அதைப் பார்க்காமல் யாரையும் அயன் வைக்க விடாதே. மாடல் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பு, மாமா பார்த்துச் சொல்கிறேன் என்றார். லீவுக்கு வரும்போது லேப்டாப்பையும் கொண்டு வா, அதுவரை அதில் சார்ஜ் போடவே வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.